அந்தக் கடலோர உணவகம்: எப்போது போனால் சாப்பாடு நன்றாக இருக்கும்?

பல வருடங்களாகத் தொடர்ந்து போய்வரும் ஒரு கடலோர உணவகத்தைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட இடங்கள் எந்தக் கடற்கரையிலும் இருக்கும். அங்கே சாப்பாடு எப்படி என்று யாராவது கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. என் வாழ்நாளில் சாப்பிட்ட மிக நல்ல மீன் அங்கேதான் கிடைத்தது. பாதியில் கை கழுவிவிட்டு எழுந்ததும் அங்கேதான். எல்லாம் அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும். நெடுநாள் கவனித்துப் பார்த்தால், அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலை வந்து மோதும் பாறைக்கு மேலே திறந்த முற்றம், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கண்ணுக்கெட்டிய வரை கடல். அதில் ஒரு நாளும் குறை வந்ததில்லை.

சிக்கல் சூரியன் மறையும் நேரத்தில்தான் தொடங்குகிறது. எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லா மேசையும் நிரம்பி, எல்லா ஆர்டரும் ஒன்றாகச் சமையலறைக்குள் போய் விழும். சாதாரண உணவகத்தில் கூட்டம் அலை அலையாக வரும், நடுவில் மாஸ்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கே அது கிடையாது. எனக்குக் கிடைத்த மோசமான தட்டுகள் பெரும்பாலும் இந்த நேரத்தில் வந்தவை.

பொரித்த மீனில்தான் இது முதலில் தெரியும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாவுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழையாது. அவசரத்தில் சட்டி நிறையத் துண்டுகளைப் போட்டால் சூடு இறங்கிவிடும். மேல் மாவு மொறுமொறுப்பாவதற்குள் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். காலையிலிருந்து ஓடிக் கறுத்த எண்ணெய் என்றால் கசப்பும் சேரும். அதே மாஸ்டர் மதியம் நான்கு துண்டுகள் மட்டும் போட்டுப் பொரித்துத் தந்தால், விரலில் எண்ணெய் ஒட்டாது. அவருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுட்ட மீனின் கதை வேறு. முழு மீனாகத் தடிமனாக இருந்தால், மிதமான தணலில் பொறுமையாக வேக வேண்டும். நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் சதை கண்ணாடித்தன்மை போய் வெண்மையாகி, தொட்டதும் இதழ் இதழாகப் பிரியும். கூட்டம் நெருக்கும்போது தீயைக் கூட்டுகிறார்கள். தோல் கரியாகிறது, முள்ளோரம் பச்சையாகவே நிற்கிறது. அப்படி வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். நான் அனுப்பியபோதெல்லாம் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்திருக்கிறார்கள். அந்தச் சப்ளையர்களின் பொறுமையைப் பாராட்டியே ஆக வேண்டும்.

கணவாயைக் கூட்ட நேரத்தில் ஆர்டர் செய்யவே வேண்டாம். ஒன்று அது நல்ல சூட்டில் ஓரிரு நிமிடத்தில் இறங்க வேண்டும், இல்லை அரை மணி நேரத்துக்கும் மேலாக மெல்ல வேக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரப்பர். முன்பே வேகவைத்து எடுத்துவைத்துவிட்டு, கேட்டவுடன் மறுபடி சூடாக்கித் தருவதால் இங்கே அடிக்கடி அந்த நடு நிலைதான் வருகிறது.

அப்புறம் காற்று. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது; மேலெழும் சூடான காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. பிற்பகலில் அது பலமாக இருக்கும். முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் மேசையில் உட்கார்ந்தால், பேச்சு சுவாரசியத்தில் தட்டு ஆறிப்போவது தெரியவே தெரியாது. கடற்காற்றின் ஈரத்தில் மொறுமொறுப்பும் சீக்கிரம் நமத்துவிடும். ஓர மேசைதான் வேண்டும் என்றால் சூப், குழம்பு போல மூடிவைத்துச் சாப்பிடக்கூடியதைக் கேளுங்கள். பொரித்ததும் சுட்டதும் வேண்டுமென்றால் உள்ளே, சுவரோரமாக, சமையலறைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கிருந்தும் கடல் தெரியும்.

சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம். உரத்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிந்ததாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அலைக்குப் பக்கத்தில் சப்பென்று தோன்றிய அதே குழம்பு, உள்ளே உட்கார்ந்தபோது சரியாக இருந்ததை நானும் உணர்ந்திருக்கிறேன்.

கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் படகு போகாது. ஆனால் மெனு அட்டை மட்டும் மாறாது. அன்று தட்டில் வருவது உறைய வைத்த மீன். முறையாக வேகமாக உறையவைத்து, மெதுவாகக் குளிர் விட்ட மீனில் தப்பே இல்லை. மெதுவாக உறைந்தால்தான் பெரிய பனித்துகள்கள் உருவாகிச் சதையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினால் இன்னும் மோசம். நீரெல்லாம் வடிந்து, தட்டில் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். இந்த உணவகத்தின்மேல் எனக்கு இருக்கும் உண்மையான வருத்தம் இதுதான். கேட்டால் "இன்றைக்கு வந்ததுதான்" என்றே எப்போதும் சொல்கிறார்கள். "இன்று படகு இல்லை, கோழியோ காய்கறியோ சாப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவு மரியாதை கூடும்!

அதனால் மீனைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் தருகிறேன். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்பி வர வேண்டும். துண்டு போட்ட மீன் மட்டும்தான் என்றால் மோந்து பார்ப்பேன். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் கூடுதல் கவனம் தேவை. குளிரில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு கடித்தது போன்ற சுரீர் உணர்வு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். முகம் சிவப்பதும் தலைவலியும் அதனால் வரலாம்.

இங்கே எனக்கு ஏமாற்றம் தராதவை என்றால் இறால் சூப்பும், மதிய நேரத்துச் சிறிய முழு மீன் வறுவலும்தான். சூப்புக்கான சாறு காலையிலேயே தலையும் ஓடும் போட்டுக் கொதித்துத் தயாராக இருப்பதால், கூட்டம் அதைக் கெடுப்பதில்லை. சிறிய மீன் எவ்வளவு அவசரத்திலும் உள்வரை வெந்துவிடும். இனிப்பு வகைகள் சுமார்.

சாயங்காலத்துக்கு மட்டும் மெனுவைப் பாதியாகக் குறைத்தால் இந்தச் சமையலறை எளிதில் சமாளித்துவிடும் என்று நம்புகிறேன். பொறுப்பாளரிடம் இதை நேரிலேயே சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார், இன்னும் மாறவில்லை. இப்போதைக்கு என் வழக்கம் இதுதான்: கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரம் தொடங்கும்போதே போய்விடுவது. சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் போய் ஒரு தேநீரோடு நிறுத்திக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது.