வம்சாவளி தளம்: ஒரு வருடச் சந்தா கட்டிப் பார்த்த அனுபவம்

என் மருமகன் அமெரிக்கர், அவருடைய அம்மா வழி மூதாதையர் மாசசூசெட்ஸில் குடியேறியவர்கள் என்பதால் பேத்திக்காக அந்த வேரைத் தேட ஒரு தளத்தில் சந்தா கட்டினேன். பழைய பதிவுகளின் படங்களுக்காக மட்டுமே கொடுத்த காசு தகும். வீட்டில் இருந்த, அடிமைகள் அல்லாத எல்லோரையும் பெயரோடு எழுதத் தொடங்கிய 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மருமகனின் கொள்ளுத்தாத்தாவின் அப்பா கைக்குழந்தையாக இருக்கிறார். அந்தச் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மற்றவர்கள் போட்ட குடும்ப மரங்களை நம்பாதீர்கள். அவற்றை ஒட்டிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் 1307இல் இறந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டிடம் போய் நிற்கலாம். நானும் நின்றேன், மறுநாள் சரிபார்த்தபோது வழியில் 1590இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 1598இல் மகன். தளம் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை, இது பெரிய குறை.

இங்கிலாந்திலிருந்து கடலைத் தாண்டி அமெரிக்கா வந்த அந்த ஒரு தலைமுறைதான் எல்லாமே. 1634இல் பாஸ்டன் வந்த ஆன் ஹட்சின்சன் போலச் சிலருக்கு அரச வம்சத் தொடர்பை ஆய்வாளர்கள் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரே பெயர் இருந்தால் போதாது, உயிலோ, இங்கிலாந்துத் தேவாலயங்கள் பதிவேடு வைக்கத் தொடங்கிய 1538க்குப் பிறகான பதிவோ வேண்டும். 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்துக்கு (மாசசூசெட்ஸ் உள்ள அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) வந்தவர்களுக்கு, பாஸ்டனில் 1845இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் ஆய்வை முதலில் பாருங்கள், அப்புறம் இந்தத் தளத்துக்கு வாருங்கள்.

ஐந்துக்கு மூன்று. பதிவுகளுக்காகச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன்.