வேலையை விடாமல் விமானப்படை: டெரிட்டோரியல் ஆர்மியா, அக்னிவீர் வாயுவா, என்.சி.சி. ஏர் விங்கா?

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள வேலூர் பக்கத்தில், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள் கேட்பது இதுதான்: வேலையையும் வைத்துக்கொண்டு விமானப்படையில் பகுதிநேரமாகச் சேரலாமா?

இன்றைக்கு அப்படி ஒரு வழி இல்லை. 1952 சட்டத்தின்படி துணை விமானப்படை உருவாகி, 1955 முதல் டெல்லி, பம்பாய், சென்னையில் அதன் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படைப்பிரிவுகள்) இருந்தன. வேறு தொழிலில் இருந்தவர்கள் அங்கே ஹார்வர்ட், எச்.டி.2 விமானங்களில் பயிற்சி எடுத்தார்கள். பிறகு அவை நிரந்தரப் படையோடு சேர்ந்துவிட்டன. அமெரிக்காவின் பகுதிநேர விமானப்படையான ஏர் நேஷனல் கார்டில் மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் 15 நாள் என்ற முறை இன்றும் நடக்கிறது. நம் நாட்டிலும் அது திரும்ப வர வேண்டும். பராமரிப்பு, ரேடார், மருத்துவம் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை மூன்று.

வேலை தொடர வேண்டும் என்றால் ராணுவத்தின் பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் ஆர்மி ஒன்றுதான். அதிகாரியாக வர வயது 18 முதல் 42, பட்டப்படிப்பு, சொந்த வருமானம் தேவை. எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, பொது அறிவில் 38 எடுத்தால் தோல்விதான். அதன் பிறகு எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரித் தேர்வு வாரிய நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி. அழைக்கப்பட்ட நாட்களுக்கு மட்டுமே சம்பளம். சிப்பாயாகச் சேர விரும்புகிறவர்கள் கோவையின் 110ஆவது பட்டாலியன் நடத்தும் ஆள்சேர்ப்பைக் கவனிக்கலாம். 1965 போரில் டெரிட்டோரியல் ஆர்மியின் வான்காப்புப் பீரங்கிப் பிரிவுகள் விமான தளங்களைக் காத்தன. இன்று வேலை பெரும்பாலும் தரையில்தான்.

பலர் சறுக்குவது முதலாளியிடம். அழைப்பு முடிந்து வருபவரைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் சொல்கிறது. ஆனாலும் விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள்.

விமானப்படை வீரராகச் சேரும் அக்னிவீர் வாயு முழுநேரம்; நான்கு ஆண்டு. வயது 17½ முதல் 21. மணமாகாதவராக இருக்க வேண்டும். அறிவியல் பிரிவென்றால் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் படித்து மொத்தம் 50 சதவீதம், ஆங்கிலத்தில் தனியாகவும் 50 சதவீதம் வேண்டும். தமிழ் வழி மாணவர்களுக்கு இந்த ஆங்கில நிபந்தனைதான் தடையாகிறது. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். முதலாண்டுச் சம்பளம் 30,000; அதில் 30 சதவீதம், பணி முடிவில் தரப்படும் சேவா நிதிக்குப் பிடித்தம் போக 21,000 கைக்கு வரும். ஓய்வூதியம் இல்லை. அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாவார்கள்.

என்.சி.சி. ஏர் விங் மாணவர்களுக்கானது, போர்க் கடமை கிடையாது. ஆனால் கல்லூரி அளவிலான ஏர் விங் சீனியர் டிவிஷனின் உயர்நிலை ‘சி’ சான்றிதழ் இருந்தால் விமானப்படை அதிகாரி தேர்வில் சிறப்பு நுழைவு உண்டு. ராணுவப் பிரிவின் ‘சி’ அதற்குச் செல்லாது. கல்லூரி சேரும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரக்கோணம் ராஜாளி தளத்தை விமானப்படை என்று நினைத்து விசாரிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது கடற்படையுடையது, இந்த மூன்றில் எதற்கும் அங்கே விண்ணப்பிக்க முடியாது.