பதினான்கு வருடம் ஓடிய காரை விற்ற அனுபவம்

2010இல் வாங்கிய பெட்ரோல் கார். திருச்சியிலிருந்து குலதெய்வக் கோயில், பழனி, மகளின் ஹாஸ்டல் என்று 1,38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்ஜின் ஒருநாளும் வழியில் நிறுத்தியதில்லை. மற்றபடி வயசுக் கோளாறுதான். மேடேறினால் கிளட்ச் வழுக்கும், ஏசி வெறும் காற்றை ஊதும், ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் முனகும்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு விற்கலாம் என்றிருந்தேன். மெக்கானிக் தடுத்தார். "முப்பதாயிரம் போட்டா பத்தாயிரம்தான் சார் திரும்பி வரும்." சரி என்று வாட்டர் வாஷோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் வந்த புரோக்கர் கெட்டிக்காரர். கதவு ரப்பரை உரித்து, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசை குலையாமல் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். அடிபட்டுத் தட்டிய வண்டியில் அது காட்டிக்கொடுத்துவிடுமாம். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். புகை இல்லை. ஆனாலும் 80,000க்கு மேல் ஏற மாட்டேன் என்றார். ஆர்சிக்கு, அதாவது பதிவுச் சான்றுக்கு, இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். அதில் நியாயமும் உண்டு. 15 வருடம் முடிந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி.

அப்புறம் குறைகளை ஒரு தாளில் எழுதி, சர்வீஸ் பில்களோடு சேர்த்து வருகிறவர்களிடம் நீட்ட ஆரம்பித்தேன். முசிறியிலிருந்து வந்த தம்பி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதைச் சொல்லிக் குறைக்கிறது?" குறைக்கத்தான் செய்தார். 1,12,000க்கு முடிந்தது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பேரை அப்புறம் மாத்திக்கிறேன் சார்" என்றார். அதற்கு மட்டும் நான் இசையவில்லை. வண்டி யார் கையில் இருந்தாலும், விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆர்டிஓ ஆபீஸ் போனபோதுதான், என்றோ கட்டி முடித்த கடன் இன்னும் ஆர்சியில் இருப்பது தெரிந்தது. வங்கியில் புதிதாகத் தடையின்மைச் சான்று, கடன் பதிவை நீக்கப் படிவம் 35 என்று இரண்டு வாரம் அலைச்சல். தப்பு என்னுடையதுதான், அப்போதே நீக்கியிருக்க வேண்டும். ஃபாஸ்டேக்கை மறக்காமல் மூடிவிட்டேன்.

போன வாரம் அந்தத் தம்பி போன் செய்தார். "சார், பஞ்சர். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி எங்க?"

எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்தது.