கரகரக்கும் செல்ஃப் மோட்டார்: வேலை பார்க்கலாமா, எக்ஸ்சேஞ்சா, புதுசா?

பழைய மேஜர் ஜீப், அம்பாசடர், மாருதி 800, எதுவானாலும் சரி. செல்ஃபில், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற மோட்டாரில் சத்தம் என்று மதுரையில் வண்டியைக் கொண்டு நிறுத்தினால் மூன்று வழி சொல்வார்கள். இருக்கிற மோட்டாரைப் பிரித்து புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல வளையம்), பிரஷ் (உள்ளே கரன்ட் கொடுக்கும் கரித் துண்டு), பெண்டிக்ஸ் (பினியன் என்ற சிறு பல்சக்கரமும் அதன் ஒருவழிக் கிளட்ச்சும்) மாற்றுவது, பழையதைக் கொடுத்து, வேலை பார்த்து வைத்த மோட்டாரை எக்ஸ்சேஞ்சில் வாங்குவது, புதுசே போடுவது. செலவும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் ஏறும். ரேட் கேட்பதற்கு முன்னால் சத்தத்தைக் கேளுங்கள். மோட்டாரைத் தொடவே தேவையில்லாத சத்தங்களும் உண்டு.

சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று விடாமல் அடிக்கிறதா? பேட்டரி, டெர்மினல், எர்த் (பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் இணைப்பு), இந்த மூன்றையும் பாருங்கள். முழு சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே), மறுமுனையை மோட்டாரில் பேட்டரி கேபிள் மாட்டுகிற தடித்த ஸ்டட்டிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, பெட்ரோல் வண்டியில் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள். டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு கேபிளில். இன்ஜின் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.3-க்கு மேல் என்றால் எர்த் பட்டை. டெர்மினலைத் தேய்த்து, எர்த் பட்டையை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு மோட்டார் வாங்கிப் போட்டால், புது மோட்டாரும் டக்டக் என்றே அடிக்கும்.

ஒரே ஒரு 'டக்', அதன் பிறகு அசைவே இல்லை. ஸ்டட்டில் மட்டும் முழு வோல்ட் வருகிறது. சோலனாய்டு (மோட்டாரோடு இருக்கிற காந்த சுவிட்ச்) உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம். சில மாடலில் காப்பர் காண்டாக்ட் தனியாகக் கிடைக்கும். மற்றவற்றில் சோலனாய்டையே மாற்ற வேண்டும்.

'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது. கழற்றிய பின் பினியனைக் கையால் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் ஆயுள் முடிந்தது.

அதிகம் பேர் ஏமாறுவது 'கர்ர்' என்ற அரைப்பில். நாலு சிலிண்டர் இன்ஜினை ஆஃப் செய்தால் கம்ப்ரஷன் தடுப்பதால் பிளைவீல் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பினியன் வருடக்கணக்கில், பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் அந்த இரண்டு இடத்துப் பல்லையே முட்டித் தேய்த்திருக்கும். மாருதி 800 மாதிரி மூன்று சிலிண்டரில் தேய்வது மூன்று இடம். சோதனை எளிது. சத்தம் வந்ததும் சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கள். நியூட்ரலுக்கு வந்து மறுபடி அடியுங்கள். இப்போது சுத்தமாக எடுத்தால் கோளாறு ரிங் கியரில். எங்கே நிறுத்தினாலும் அரைத்தால் பினியன், மவுண்டிங் போல்ட், முன் புஷ் என்று தேடலாம். ரிங் கியர் தேய்ந்த வண்டியில் புது மோட்டார் போட்டால் புதுப் பினியனும் சீக்கிரம் மொட்டையாகும். ரிங் கியரைச் சரிசெய்ய கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். நாலு சிலிண்டர் என்றால் ரிங்கைச் சூடாக்கி எடுத்து 90 டிகிரி திருப்பிப் போடுகிற பழைய வழக்கம் இன்னும் கைகொடுக்கிறது. கேஸ் வெல்டிங் நெருப்பை ஒரே இடத்தில் காட்டினால் பல்லின் கடினம் போய்விடும். சுற்றிலும் சமமாகச் சூடேற்றுகிற ஆளிடம் கொடுங்கள்.

இனி மூன்று வழிகள். ஆர்மேச்சரும் (நடுவில் சுற்றும் பகுதி) ஃபீல்ட் காயிலும் (அதைச் சுற்றி நிற்கும் காந்தச் சுருள்) நன்றாக இருந்தால் எங்கள் ஓட்டு பிரித்து வேலை பார்ப்பதற்கே. 1911-லிருந்து டிவிஎஸ் வேரூன்றிய ஊர் இது. பழைய லூகாஸ் டிவிஎஸ் மோட்டாரின் உள்பாகம் தெரிந்த கைகள் இங்கே உண்டு. முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிற மோட்டாரைப் பிரித்தால் ஆர்மேச்சர் மேல் ஒரு பக்கம் பளபளவென்று உரசல் தடம் இருக்கும். புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் 'போல் ஷூ'வில் (ஃபீல்ட் காயிலைத் தாங்கும் இரும்பில்) இடிக்கிறது என்று அர்த்தம். புது வெண்கல புஷ்ஷை சுத்தமான இன்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவைத்துத்தான் அடிக்க வேண்டும். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசுகிற இடம்) செப்புப் பட்டைகளின் இடுக்கில் இருக்கிற மைக்காவைக் கீறுவது ஜப்பான் வகை மோட்டாருக்குச் சரி. பழைய லூகாஸ் வகையில் கீறக் கூடாது. பெண்டிக்ஸைப் பெட்ரோலில் முக்கிக் கழுவ விடாதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஷாஃப்டிலும் கிரீஸை அப்ப வேண்டாம். மேலூர் பக்கத்துக் கல் தூசியும் கிளட்ச் பிளேட் தூசியும் அதில் சேர்ந்து பசையாகி, பினியன் திரும்ப உள்ளே போகாது. இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் கீச்சென்று கத்துவது பல நேரம் இதனால்தான்.

வாடகை வண்டி, லோடு வண்டி ஒரு நாள் நிற்க முடியாது என்றால் எக்ஸ்சேஞ்ச் நியாயமான வழி. ஆனால் வெளியே அடித்த பெயின்ட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பினியன் பல்லை எண்ணிப் பழையதோடு ஒப்பிடுங்கள், சுற்றும் திசையைப் பாருங்கள், பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் நன்றாகத் தெரிந்தால் முன் புஷ் மாற்றப்படவில்லை. கடை பேட்டரியில் மூன்று நான்கு முறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதுசு எப்போது? ஆர்மேச்சர் வைண்டிங் கருகியபோது, மூக்குப் பகுதி (பினியன் பக்கத்து உறை) விரிசல் விட்டபோது. அப்போது உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துகிற கியர் ரிடக்ஷன் வகை (உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிற மோட்டார்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். எடை குறைவு, கரன்ட் குறைவாக இழுக்கும், சோர்ந்த பேட்டரியிலும் வேகமாகச் சுற்றும். அதில் ஒரு மெல்லிய 'ஙீ' சத்தம் இயல்பாகவே வரும், அதைக் கோளாறு என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

எந்த வழியானாலும் மாட்டும்போது முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மோட்டார் உட்காரும் முகத்தில் இருக்கிற துரு, பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. பழைய மோட்டாருக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) இருந்தால் எண்ணி வைத்து, அதே மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது அப்படியே போடுங்கள். மாற்று மோட்டார் என்றால் ஓய்வில் பினியன் முகத்துக்கும் ரிங் கியருக்கும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். பிறகு முதல் ஸ்டார்ட்டில் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்.