பேச்சுப் போட்டியா, பட்டிமன்றமா, டிபேட்டா?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி, வீட்டு அலமாரியை எவர்சில்வர் தட்டாலும் டிபன் பாக்ஸாலும் நிரப்பியவள். போன ஆடியில் பள்ளி டிபேட் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள். "நான் நல்லாத்தானே பேசினேன், அத்தை" என்றாள். நன்றாகத்தான் பேசியிருப்பாள். ஆனால் அங்கே அது மட்டும் போதாது.

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைக்கு மேடை புதிதில்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா பங்குனிதோறும் நடக்கிறது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த பட்டிமண்டபங்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தக் காது நமக்கு வரம். டிபேட்டில் சில சமயம் அதுவே காலை வாரியும் விடும்.

ஒரே பொருளை மூன்று மேடையிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நம் ஊர்ப் பழைய வீடுகளையே எடுத்துக்கொள்வோம்.

பேச்சுப் போட்டியில் தலைப்பு 'செட்டிநாட்டு வீடுகளின் சிறப்பு' என்று இருக்கும். முன்கூட்டியே தெரியும். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப்பூச்சு என்று அடுக்கி, ஒரு குறளில் முடித்தால் கைதட்டல். எதிரே 'அது எப்படி?' என்று கேட்க ஆள் இல்லை. மேடை பயம் போகவும், நாக்கு திருந்தவும், தமிழில் நீளமான வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்லவும் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆறாம் வகுப்புவரை இது போதும் என்பேன்.

பட்டிமன்றத்தில் அதே பொருள் 'பழைய வீடு: பெருமையா, சுமையா?' என்று மாறும். இப்போது எதிரணி வந்துவிட்டது. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் என்பது சமயவாதிகள் ஏறி வாதிடும் இடம்தான். இன்றைய மேடையில் வாதத்தோடு நகைச்சுவையும் சேர்ந்துவிட்டது. முன்னால் பேசியவரை ஒரு கிண்டலில் மடக்கினால் கூட்டம் சிரிக்கும். அவர் சொன்ன காரணம் அப்படியே நின்றுகொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரு பக்கத்தையும் எடைபோடும் வேலையையும் கடைசியில் நடுவரே செய்துவிடுவார். அப்புறம் பிள்ளை எதற்கு அதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள்?

வழக்காடு மன்றம் இதைவிட ஒரு படி மேல். குற்றம் சாட்ட ஒருவர், மறுக்க ஒருவர், நடுவர் ஒருவர். வாலியை மறைந்து நின்று கொன்ற இராமன் குற்றவாளியா என்று நேருக்கு நேர் மோதும்போது கிண்டலுக்குப் பின்னால் ஒளிய முடியாது. பள்ளிகள் இதை ஏன் விட்டுவிட்டன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

டிபேட்டில் தலைப்பு ஒரு தீர்மான வாசகமாக மாறுகிறது: 'பழைய செட்டிநாட்டு வீடுகளை இடிக்க இந்த அவை தடை விதிக்கும்.' எந்தப் பக்கம் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அண்ணன் மகளுக்கு எதிர்ப்புப் பக்கம் விழுந்தால், பாட்டி வீட்டை நினைத்துக் கண் கலங்கினாலும், இடிக்கலாம் என்றுதான் பேசியாக வேண்டும். முதல் வேலை சொற்களை வரையறுப்பது. எத்தனை வயதானால் 'பழைய' வீடு? அடுத்து, தடை வந்தால் பராமரிப்புச் செலவு யாருடையது? ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, பாதிப் பேர் சென்னையில், மீதி வெளிநாட்டில் என்றால் ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றக் கையெழுத்து யார் போடுவது?

மறுப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர். நம் பிள்ளைகள் 'எதிரணி நண்பர் சொன்னது தவறு' என்று சொல்லிவிட்டுத் தம் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர் சொன்னதைத் திரித்துச் சொல்லாமல் முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு ஏன் சரியில்லை என்று காட்ட வேண்டும். அதோடு நிறுத்தாமல், 'சரி, அப்படியே இருந்தாலும்' என்று இன்னொரு படி போக வேண்டும். 'விடுதியாக்கினால் வருமானம் வரும் என்கிறார்கள். அப்படியே வந்தாலும், சுற்றுலாப் பயணி எட்டிப் பார்க்காத ஊரில் இருக்கும் வீட்டுக்கு என்ன வழி?' அந்த 'இருந்தாலும்' வராததால்தான் அண்ணன் மகள் தோற்றாள்.

டிபேட்டிலும் பல வகை உண்டு. பள்ளி மாணவர்களுக்கு நான் சொல்வது வேர்ல்ட் ஸ்கூல்ஸ் முறை. உலகப் போட்டியாக இது 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஆளுக்கு 8 நிமிடம். கடைசியில் அணிக்கு ஒரு 4 நிமிடத் தொகுப்புரை. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். 100 மதிப்பெண்ணில் பொருளுக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. குரல் வளம் வீணாகாது, ஆனால் அதை மட்டும் வைத்துக் கரையேறவும் முடியாது.

பிரிட்டிஷ் பார்லிமென்டரி என்றால் இரண்டிரண்டு பேராக நான்கு அணி, தயாரிக்க 15 நிமிடம்தான். கல்லூரிக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலான டிபேட் போட்டிகள் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழிப் பிள்ளை மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே வாதத்தைத் தொலைத்துவிடுகிறது. அதனால் ஆறு மாதம் தமிழிலேயே பழகட்டும், ஆங்கிலம் பிறகு. ஆறு பிள்ளைகளும் நேரம் பார்க்க ஒரு போனும் போதும்.

எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், ஞாயிறுதோறும் அப்படித்தான் நடக்கிறது. மூன்று வாரமாக அதே வீட்டுத் தீர்மானம்தான். பக்கம் மாறி மாறி விழுந்தும் தடை கேட்கும் அணியே தோற்கிறது. அந்த இருபது பங்காளிக் கணக்குக்கு இதுவரை யாரிடமும் பதில் இல்லை.