ஸ்பிரிட்டா, கேஸா? முதல் குட்டி நீராவி இன்ஜினுக்கு எது நல்லது?

1904இல் போடப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) பாதை இன்று அகலப்பாதை ஆகிவிட்டது. அதில் ஓடிய நீராவி இன்ஜினைக் குட்டியாகவாவது செய்து ஓட்டிப் பார்க்க ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் யாராவது நினைத்தால், 45 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட தண்டவாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தை 22.5 மடங்கு சிறிதாக்கும் 1:22.5 அளவில் மீட்டர் கேஜ் அதில் கச்சிதமாகப் பொருந்தும்.

சிலிண்டரில் எனக்குக் குழப்பமே இல்லை. முதல் இன்ஜினுக்கு ஆடும் சிலிண்டர்தான். அது முன்னும் பின்னும் ஆடும்போதே நீராவித் துளைகள் திறந்து மூடும். தனி வால்வு வேண்டாம். துளைகளின் மேல் சறுக்கித் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு நீராவியை மிச்சப்படுத்தும், ஆனால் அதைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் வேலையை இரண்டாவது இன்ஜினுக்கு வைத்துக்கொள்ளலாம்.

யோசிக்க வேண்டியது எரிபொருளைத்தான். ஸ்பிரிட் (எரிசாராயம்) என்றால் இரு முனையும் அடைத்த தாமிரக் குழாயே கொதிகலன், அடியில் திரி விளக்கு, அவ்வளவுதான். செலவு குறைவு, செய்வது எளிது. ஆனால் தீ வெளியே எரிவதால் சூட்டில் பெரும்பங்கு வீணாகும். ஆடி மாதத்தில் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் அந்தத் திரிகள் நின்று எரியவே எரியாது. அதைவிட எனக்குப் பயம், பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது என்பது. சிந்திய ஸ்பிரிட் எரிவதைப் பார்க்காமல் ஒரு குழந்தை கை வைத்துவிடலாம்.

கேஸ் பர்னர் கொதிகலனுக்குள்ளே ஓடும் உள்குழாய்க்குள் எரிகிறது. காற்று அதை அண்டாது. ஆனால் உள்குழாயை இரு முனையிலும் கொதிகலனோடு உலோகப் பற்று உருக்கி ஒட்டுவது கடினம், கேஸ் பீய்ச்சும் ஜெட் துளையும் மிக நுண்ணியது. குளிர்நாடுகளில் இதற்கு எரிபொருளான பியூட்டேன் வாயுவின் அழுத்தம் இறங்கிவிடுவதால் புரொப்பேன் கலக்கிறார்கள். நம் வெயிலுக்குத் தனி பியூட்டேனே போதும். சமையல் சிலிண்டரிலிருந்து மட்டும் நிரப்பாதீர்கள். அதில் புரொப்பேன் கலந்திருக்கும், சிறிய தொட்டிக்கு அந்த அழுத்தம் ஆபத்து. இத்தனைக்கும் பிறகு என் ஓட்டு கேஸுக்கே.

எதுவானாலும் கொதிகலனுக்குச் சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த பற்றை உருக்கி ஒட்டுவது) கட்டாயம். 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தம்) அழுத்தத்தில் நீராவியே ஏறக்குறைய 143 டிகிரி. சாதாரண ஈயப்பற்று 183இல் உருகிவிடும், தண்ணீர் வற்றினால் தாங்காது. ஓட்டுவதற்கு முன் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிச் சோதியுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால் பற்று விட்டாலும் ஒழுகுமே தவிர வெடிக்காது. அடுத்து, சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி வைத்து, டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் 1 பார் கொடுத்துச் சுழலவிடுங்கள். அது தடையில்லாமல் சுழன்றபின் தீயை மூட்டலாம்.