கயிறு இழுப்பதா, பட்டனை அழுத்துவதா?

வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம். மழை பெய்தால் போதும், புல் முழங்காலுக்கு வந்துவிடும். ஐந்து வருடம் பெட்ரோல் பிரஷ் கட்டரோடு, அதாவது புல்வெட்டும் மெஷினோடு, மல்லுக்கட்டினேன். பெட்ரோலை ஏற்றும் பிரைமர் குமிழை ஏழெட்டு முறை அமுக்கி, சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் ஒரு ‘புட் புட்’, அப்புறம் கப்சிப். ஆத்திரத்தில் இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். கழற்றித் துடைத்து, சோக்கை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. தோள்பட்டைதான் பாவம்.

குற்றம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை, பழைய பெட்ரோலில்தான். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்; 50:1 கலவை என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். கலந்ததை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டரின் பொடித் துளைகளில் பிசின்போலப் படிந்துவிடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் பாதித் தொல்லை போகும். நான் ஒருநாளும் செய்ததில்லை.

பேட்டரி மெஷினில் பட்டனை அழுத்தினால் சுற்றுகிறது, அவ்வளவுதான். புகை கிடையாது, பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுவதில்லை. ஆனால் என்னுடையது அரை மணி நேரத்தில் படுத்துவிடும். இன்னொரு பேட்டரி வாங்கலாம் என்றால் விலை, மெஷின் விலையில் பாதி கேட்கிறது. தடித்த புதரில், புல்லை வெட்டும் நைலான் நரம்பு திணறுகிறது.

சின்ன இடத்துக்கு பேட்டரியே சரி. ஏக்கர் கணக்கில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். பிளக் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.